வசந்தாவுக்கு, தலைசுற்றல் பற்றி

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள வசந்தா,

உன் குரல் செய்தி கேட்டேன். செல்போனில் நாலு வரி உருட்டிப் படித்தாலே கிறுகிறுவென்று வருகிறது, எழுத்தில் எதுவும் அனுப்பாதே, பேசியே அனுப்பு என்றிருந்தாய். இதையெல்லாம் பேசி அனுப்பினால் ஒரு மணி நேரம் ஓடும். நடுவில் இவர் வந்து காபி கேட்பார். அதனால் பழையபடி காகிதம், பேனா, ஸ்பீடு போஸ்ட். காகிதத்தில் எழுத்து நகராது. ஆனாலும் ஒரே மூச்சில் படிக்காதே. பக்கத்துக்கு ஒருதரம் நிமிர்ந்து தூரத்தில் இருக்கிற எதையாவது பார்த்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா இப்போது வாக்கர் இல்லாமலே பூஜை அறை வரை நடக்கிறாள். பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து அடைத்து வழி மாறிக்கொண்டே இருக்கிறது; காலம் காலமாகப் போய்வந்த தெருவுக்கு ஆட்டோக்காரரிடம் வழி கேட்கிறேன். நித்யா தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், லீவு கிடைத்தால்தான் நிச்சயம். நம் ஹாஸ்டல் சரோஜா பாட்டியாகிவிட்டாள், தெரியுமா? குழந்தைக்கு அவள் மூக்கு அப்படியே. பாவம், பெண் குழந்தை.

உன் சங்கதிக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. சரி, ஈ.சி.ஜி. சரி, சர்க்கரை சரி. "எல்லாம் டென்ஷன்தாம்மா, மனசை ஃப்ரீயா விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியார் பித்தம் என்று இஞ்சியும் தேனும் கொடுக்கிறார். நாத்தனார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. எதிர்வீட்டு மாமா கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரவர் பங்குக்கு எல்லோரும் செய்துவிட்டார்கள். தலை மட்டும் நிற்கவில்லை.

டாக்டர் சொன்னதில் பொய் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார் என்பதுதான் என் கோபம். பதற்றத்துக்கும் தலைசுற்றலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அது என்ன உறவு, அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று சொல்லாமல் வெறுமனே டென்ஷன் என்றால், கேட்கிறவள் காதில் "நீயாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறாய்" என்றுதான் விழும். அதிலும் பிரியா புகுந்த வீட்டை விட்டுத் திரும்பி வந்திருக்கிற நேரம். அம்மாவுக்கு என்னால்தான் இப்படி என்று அந்தப் பெண் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு புழுங்கினால் என்ன ஆவது? அதனால்தான் இதை விலாவாரியாக எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே வியாதியோடு நீண்ட நாள் குடித்தனம் நடத்தியவள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்த சமயம், ஒருநாள் விடிகாலை படுக்கையில் வலப்பக்கம் திரும்பினேன், அலமாரி, ஃபேன், ஜன்னல் எல்லாம் சேர்ந்து சுற்றியது. அது காதுக் கல். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. அவை இருக்கவேண்டிய இடத்தை விட்டுக் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் சில விநாடிகள் உலகமே சுற்றும். காது மூக்கு தொண்டை டாக்டர் என்னைக் கட்டிலில் சாய்த்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, எப்லி என்கிற முறையில் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டி விட்டார். மாத்திரைகூட இல்லை. சுற்றல் போனது. ஆனால் அதற்கப்புறம் ஒரு மிதப்பு வந்து உட்கார்ந்துகொண்டது பார், அதுதான் போகவே மாட்டேன் என்றது. கால் தரையில் பாவாது. ரங்கநாதன் தெருவில் நுழைந்தால் எதிரே வரும் கூட்டம் என்மேல் சரிகிற மாதிரி இருக்கும். புடவைக் கடையில் கோடு போட்ட புடவையை விரித்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

உன் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்று. சித்திரையில் ஜலதோஷம் வந்து, அதன் பின்னாலேயே சுற்றல் வந்து, மூன்று நாள் வாந்தியும் மயக்கமுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனாய் அல்லவா? பிரியா வந்தது ஆடியில். ஆக, சுற்றல் முந்தி, கவலை பிந்தி. இதை டாக்டரிடம் சொன்னாயா? நாள் கணக்கில் இடைவிடாமல் சுற்றுவது காதுக் கல்லாக இருக்காது. உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பு வீங்கினால் அப்படி வரும். வைரஸ் காய்ச்சலை ஒட்டி வருவது உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அது பெரும்பாலும் தெரியாது. காதுக்குள் கொஞ்சம் வெந்நீரும் கொஞ்சம் குளிர்ந்த நீரும் விட்டுக் கண் எப்படி ஆடுகிறது என்று பார்க்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது, அதில் எந்தப் பக்கம் பலம் குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வியன்னாவில் பாரனி என்ற டாக்டர் நோயாளிகளின் காதைக் கழுவும்போது, தண்ணீர் ஜில்லென்றிருந்தால் தலை சுற்றுகிறது என்று அவர்கள் முனகியதைக் கவனித்துக் கண்டுபிடித்தது அது. 1914-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். எனக்கு அந்தப் பரிசோதனை செய்தபோது அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன், அது வேறு விஷயம்.

உடம்பு நேராக நிற்க மூன்று இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது: உள்காது, கண், பாதமும் மூட்டுகளும். சாதாரணமாக இந்தக் கணக்கையெல்லாம் மூளை நம்மைக் கேட்காமலே போட்டுக்கொள்கிறது. காதிலிருந்து வரும் தகவல் ஒருதரம் தப்பாகிவிட்டால் அது உஷாராகிவிடும். காதை நம்பாமல் கண்ணையே நம்பத் தொடங்கும். கணுக்காலையும் கழுத்தையும் விறைப்பாக்கும், அடியை எட்டி வைக்க விடாது. கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டை மாடி ஓரத்தில் நிற்கும்போது யாருக்கும் இப்படித்தான் ஆகும். உள்ளே வந்ததும் சரியாகிவிடும். சிலருக்குக் காது குணமான பிறகும் அந்த உஷார் நிலை இறங்குவதில்லை. திருடன் ஒருதரம் புகுந்த வீட்டில் அப்புறம் எலி ஓடினாலும் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள் அல்லவா, அந்தக் கதை. கண்ணையே நம்புகிறபடியால், கண்ணுக்கு முன்னால் எது நகர்ந்தாலும், கூட்டமோ செல்போன் திரையோ, தானே நகர்வதாக உடம்பு எடுத்துக்கொள்ளும்.

பதற்றம் நுழைகிற வாசல் இதுதான். சமநிலை பார்க்கும் நரம்பு மையங்களும் பயத்தைக் கிளப்பும் மையங்களும் மூளைக்குள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. அதனால் தலை சுற்றினால் பயம் வரும். பயந்தால் சமநிலையை மூளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பிடித்தால் ஆட்டம் கூடும். எது முதல், எது பின் என்று கொஞ்ச நாளில் சொல்லவே முடியாது. இது ஒன்றும் புதிதாக வந்த சங்கதியும் இல்லை. திறந்த வெளியைக் கடக்கும்போது வரும் தலைசுற்றலைப் பற்றி 1870-லேயே பெனடிக்ட் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். ரொம்ப நாள் இதை மனநோய்க் கணக்கில் சேர்ப்பதா, காது நோய்க் கணக்கில் சேர்ப்பதா என்று இழுபறி. 2017-இல்தான் பாரனி பெயரிலேயே இருக்கிற சர்வதேச மருத்துவர் சங்கம் இதற்குத் திட்டமான இலக்கணம் வகுத்தது: மூன்று மாதமோ அதற்கு மேலோ, அநேகமாகத் தினமும், நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடுகிற, நகரும் காட்சிகளைப் பார்த்தால் மோசமாகிற தள்ளாட்டம். பி.பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். என் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்ன அன்றைக்கு எனக்குப் பாதி தலைசுற்றல் போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் நாள் பிடித்தது.

கவலைக்கும் இதற்கும் இன்னொரு வழியாகவும் சம்பந்தம் இருக்கிறது, மூச்சு வழியாக. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சுற்றும்போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகிறது என்று சொன்னாயே, அதைக் கேட்டதும் எனக்குப் பிடிபட்டது. கவலையில் இருக்கிறவர்கள் நெஞ்சின் மேல்பாதியாலேயே வேகமாக மூச்சு விடுவார்கள், அடிக்கடி பெருமூச்சும் கொட்டாவியும் வரும். ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்துவிடும்; மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும்; தலை லேசாகும், விரல் மரக்கும். மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்போம், இன்னும் மோசமாகும். உள்ளே இழுப்பதில் கவனம் வேண்டாம். வயிறு அசைகிற மாதிரி மெதுவாக, வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கும்படி விட்டுப் பார். யாராவது காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொன்னால் கேட்காதே. நிஜமாகவே இதயமோ நுரையீரலோ கோளாறாக இருந்தால் அது ஆபத்து.

இவ்வளவு சொன்னேன் என்பதற்காக எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிடாதே. நம் வயதுக்குப் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது என்று போனமுறை சொன்னாய். ஹீமோகுளோபின் பார்த்தாயா? பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். சைவம் சாப்பிடுகிறவள், பி12-ம் பார்க்கச் சொல். பிரஷருக்கு மாத்திரை போடுகிறாய் அல்லவா? உட்காரவைத்து மட்டும் அளந்தால் போதாது. படுக்கவைத்து ஒருதரம், எழுந்து நின்றதும் மூன்று நிமிஷத்துக்குள் ஒருதரம் அளக்கவேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் அந்த மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசவேண்டும், நீயாக நிறுத்தக்கூடாது. அப்புறம் உன் ஒற்றைத் தலைவலி. ஹாஸ்டலில் பரீட்சை வந்தால் ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு லைட்டை அணைக்கச் சொல்லிச் சண்டை போடுவாயே! அதே மைக்ரேன், தலைவலியே இல்லாமல் வெறும் சுற்றலாகவும் வரும், ஐந்து நிமிஷத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும். தூக்கம் கெட்டால், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் வரும். அதற்கு மருந்து வேறு. காது அடைத்துக்கொண்டு இரைச்சலும் வந்து, காது மந்தமாகி, மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் என்கிற உள்காது நோய். உனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனாலும் காது கேட்கும் திறனை ஒருதரம் சோதித்துவிடு. கழுத்து எக்ஸ்ரே எடுத்தால் நம் வயதில் அநேகம் பேருக்குத் தேய்மானம் தெரியும். அது இருப்பதாலேயே சுற்றலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அந்தக் காலரை மாமா மனம் நோகாதபடி பீரோ மேல் வைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேள். தலை அசையாமல் இருந்தால் மூளைக்குத் திரும்பப் பழக வழியே இல்லை.

வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, நிற்கவே முடியாமல் போவது, இதுவரை வராத கடும் தலைவலி, நெஞ்சுவலி, நினைவு தப்புவது இவற்றில் ஏதாவது ஒன்று சுற்றலோடு சேர்ந்து வந்தால் பதற்றமா இல்லையா என்று யோசிக்கிற வேலையே வேண்டாம். 108-ஐக் கூப்பிடு.

மாத்திரை விஷயம். நீ வாசித்துக் காட்டிய பட்டியலில் ப்ரோகுளோர்பெராசின் இருக்கிறது. முதல் சில நாள் வாந்தியை அடக்க அது நல்ல மருந்து. சித்திரையில் எழுதிக் கொடுத்ததை இன்னும் மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாய்! இந்த வகை மருந்துகள் காதிலிருந்து வரும் சமிக்ஞையை மழுங்கடிப்பவை. மாதக்கணக்கில் போட்டால் மூளை சரிக்கட்டிக்கொள்வதைத் தாமதப்படுத்தும், சிலருக்குக் கை நடுக்கமும் உடம்பு விறைப்பும் கொண்டுவரும். தலைசுற்றலுக்கென்று கொடுக்கிற சின்னாரிசினும் அப்படியே. தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் கொடுத்திருந்தால் அதையும் சொல்; அது பழக்கமாகிவிடும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டு. எதை நிறுத்துவது, எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும்.

எனக்குப் பலித்தது பயிற்சி. சமநிலைக்கென்றே பிசியோதெரபி கற்றுக்கொடுக்கும் பெண் ஒருத்தி, என் நித்யாவை விட இளையவள், ரொம்பக் கண்டிப்பு. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் "மாட்டேன், மாட்டேன்" என்று ஆட்டச் சொல்வாள். அப்புறம் "சரி, சரி" என்று மேலும் கீழும். பிறகு தடித்த ஸ்பஞ்சு ஒன்றின் மேல் செருப்பில்லாமல் நிறுத்திவைப்பாள். கண்ணை மூடினதும் பாதம் முழுக்கத் தள்ளாடும், அவள் இரண்டு கையையும் என் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடாமலே நிற்பாள். முதல் வாரம் சுற்றல் கூடியது. கூடத்தான் செய்யும், கொஞ்சம் சுற்றினால்தான் மூளை பழகும், ஆனால் அரை மணிக்குள் அடங்கிவிடவேண்டும், அடங்காவிட்டால் அளவைக் குறைப்போம் என்றாள். நீயாக ஆரம்பிக்காதே, பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

அதோடு வெளியே நடப்பது. விடிகாலை ஆரிய கவுடா சாலையில் பால்காரர்களோடு ஆரம்பித்தேன். பிறகு துரைசாமி சுரங்கப்பாதை. பிறகு மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023-இல் திறந்தார்களே ஒரு ஸ்கைவாக், அது. கைப்பிடியைத் தொடாமல் நடுவில் நடக்கவேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். கடைசியில் ரங்கநாதன் தெரு, அதுவும் முதலில் கடை திறக்கிற நேரத்தில், பிறகு சாயங்காலத்தில். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அது யாருக்குமே தலைசுற்றுகிற இடம்தான்.

மனநல டாக்டரிடமும் போனேன். இதை எழுதவே தயங்கினேன், நீ என்ன நினைப்பாயோ என்று. பயப்படும்படி ஒன்றுமில்லையடி. செர்ட்ராலின் என்று ஒரு மாத்திரை, மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார். முதல் இரண்டு வாரம் குமட்டல் இருந்தது, பலன் தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இந்தத் தலைசுற்றலுக்கென்றே இதைக் கொடுக்கிறார்களாம். கூடவே பேச்சு வழிச் சிகிச்சை: "இப்போது விழப்போகிறேன்" என்று மனது சொல்லும்போது, இதுவரை விழுந்திருக்கிறோமா என்று திருப்பிக் கேட்கப் பழக்கினார்கள். விழுந்ததே இல்லை. உனக்கும் அப்படித்தானே? அங்கே யாரிடமும் போய்ப் பேச வெட்கமாக இருந்தால் 14416-க்குப் போன் பண்ணு. டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பிரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் வந்தது உன் தலைசுற்றலுக்குக் காரணம் இல்லை. அவள் வந்ததை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வைக்க நீ படுகிற பாடு ஒரு காரணமாக இருக்கலாம். யார் வந்தாலும் "லீவுல வந்திருக்கா" என்று சொல்லிச் சொல்லி உன் தாடையே இறுகிப்போயிருக்கும். ஒரே ஒருத்தரிடமாவது உள்ளதைச் சொல்லிவிடு. உன் அத்தை பெண்ணிடம் சொல்லலாமே, அவள் எதையும் வெளியே விடமாட்டாள்.

அடுத்த மாதம் இங்கே வந்து காட்டிக்கொள்ளலாம் என்று சொன்னாயே, தள்ளிப்போடாதே. தலைசுற்றலுக்கென்றே காதும் நரம்பும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் நேரம் வாங்கி வைக்கிறேன். சித்திரையில் தொடங்கி எது எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்தால் கூடுகிறது என்று தேதிவாரியாக அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வா, எம்.ஆர்.ஐ. படத்தை விட அந்த அரைப் பக்கம் டாக்டருக்கு உபயோகம். பல்லவனில் வா, பகல் வண்டி, தாம்பரத்தில் இறங்கு, இவர் வந்து அழைத்துக்கொள்வார். பிரியாவையும் கூட்டிக்கொண்டு வா. நித்யாவின் அறை காலியாகத்தான் இருக்கிறது, இரண்டு பேரும் தாராளமாகத் தங்கலாம். அம்மா உன்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து எது கொண்டுவராவிட்டாலும் அவளுக்கு ரங்கநாதர் துளசிப் பிரசாதம் கொஞ்சம் கொண்டுவா.

அன்புடன்,
உன் கலா